கோடி கேட்டுத் தென்காசிக்குப் போனேன்

யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா அப்படித்தான் போனார். ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸில், கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி. எல்லோரும் இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த வங்காளதேசத்துப் பெண் வழி முழுக்க அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாளாம். அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார் என்று சொல்லி அழுதாள். பஸ்தான் ஆட்டியிருக்கிறது.

எங்கள் ஆட்களில் ஒரு பெண் இறந்தால், எரிப்பதற்கு முன்னால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்துவார்கள். அதைக் கோடி என்பார்கள். சடங்கு செய்தவர், பொறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கடைசியில் பக்கத்து வீட்டு மணியம் அங்கிள், தன் மனைவிக்கு வாங்கி வைத்திருந்த சேலையை எடுத்துவந்து, அண்ணன் இடத்தில் நின்று போர்த்தினார். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சேலைக்குள் அம்மா, யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சங்கடத்தோடு படுத்திருப்பது போலத் தெரிந்தார்.

கருமாதிக்குள்ளாவது அந்தக் கோடி வந்தால் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடலாம் என்று அங்கிளின் மனைவி சொன்னார். நான் கிளம்பியது அதற்காகத்தான். அம்மாவின் ஊர் தென்காசிப் பக்கம். ஈப்போக்காரரான அப்பா ஒருமுறை தன் சொந்தக்காரர்களைப் பார்க்க அங்கே போனபோது, யாரிடமும் சொல்லாமல் அவரோடு வந்துவிட்டவர் அம்மா. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டுக் கார் கழுவப் போய்விட்டேன். அம்மா ஊருக்குத் திரும்பிப் போனதே இல்லை. அண்ணன் கோபமாக இருக்கிறான் என்பார், அவ்வளவுதான். குத்துக்கல்வலசையில் பரமசிவம் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள் என்பார். அந்த ஒரு வரிதான் என்னிடம் இருந்த விலாசம்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கினார். நான் முன்னால் இருந்த தட்டை மடக்கி மடக்கித் திறந்தேன். அவர் விழித்து முறைத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு போர்டும் எனக்குப் புரியவில்லை. தென்காசி, தென்காசி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனேன். டீக்கடையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதே பண்டம், இதே எண்ணெய் வாசம். காசு கொடுத்து வாங்கிய பிறகு தின்ன முடியவில்லை. அம்மா வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவது அது.

மத்தியானம்தான் பஸ் கிடைத்தது. அதில் என் பக்கத்தில் ஒரு செங்கோட்டைக்கார அம்மா உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பஸ் மலையேறத் தொடங்கியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பஸ் ஆட ஆட அவர் தலையும் ஆடியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

"என்னட்டி, உசுரு இருக்கான்னா பாக்க?" என்றார் கண்ணாடிக்குள்ளிருந்து.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எம் மருமவ அனுப்பின ஆளா நீ என்று கேட்டார். அதற்குப் பிறகு தூங்கவே இல்லை. எனக்காகத்தான் முழித்திருந்தார் என்று நினைக்கிறேன். மருமகளைப் பற்றி மலை முழுக்கச் சொன்னார்.

ஆரியங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. என்னவோ உடைந்துவிட்டது என்றார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வேறு பஸ் நிற்கிறது, நடந்து போய் ஏறுங்கள் என்று கண்டக்டர் மலையாளத்தில் சொன்னதை அந்த அம்மா எனக்குத் தமிழில் சொன்னார். இறங்கினால் வெளியே ஒன்றுமே இல்லை. மலை, ரோடு, முன்னால் போகிறவர் முதுகு எல்லாமே வெள்ளையாக மூடியிருந்தது. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. செருப்புச் சத்தம் எனக்கு முன்னாலும் பின்னாலும் வந்தது, ஆட்களைக் காணவில்லை. மருந்து விட்ட கண்ணால் அவருக்கு எதுவும் தெரியவில்லை, மூடுபனியில் எனக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் ஆட்களை எண்ணினார். பையில் இருந்த சீட்டைப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். ஓர் ஆள் கூடுதலாக இருக்கிறது என்று டிரைவரிடம் சொன்னார். நடுவழியில் யார் ஏறப்போகிறார்கள், காட்டு நடுவில் வீடா வாசலா என்று டிரைவர் கேட்டார். கண்டக்டர் எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு விசிலை ஊதினார். எனக்குப் பக்கத்தில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அந்த அம்மா ஏனோ எனக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். செங்கோட்டை வரும்வரை நான் ஜன்னல் பக்கம் நகரவே இல்லை.

மலை இறங்கியதும் வெயில் அடித்தது. வெயிலோடு தூறலும் விழுந்தது. காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தன. செங்கோட்டையில் இறங்கும்போது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"ஒன்ன நான் பாத்திருக்கேனே."

இப்போதுதான் முதல்முறையாக இந்தியாவுக்கே வருகிறேன் என்றேன். இல்லை, பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கீழே நின்று கையாட்டுவார் என்று பார்த்தேன். திரும்பாமல் போய்விட்டார்.

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலை ஆகியிருந்தது. பசி கண்ணை இருட்டியது. பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு அக்கா தங்கை மாதிரி, ஆனால் சின்னதாக, மொறுமொறு என்று. அம்மா இறந்து காரியம் முடியாததால் கவிச்சி தொடக் கூடாது. சால்னா வேண்டாம், சீனி கொடுங்கள் என்றேன். எங்கள் ஊரில் அப்படித் தின்பது வழக்கம். பரிமாறியவர் உள்ளே பார்த்து, "அண்ணாச்சி, இங்கன ஒரு பிள்ள பரோட்டாவுக்குச் சீனி கேக்கு, காப்பிக்கு என்ன கேக்கப்போவுதோ" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த பெரியவர் சிரிக்கத்தான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சீனியை அவரே கொண்டுவந்து வைத்தார். காசு கொடுத்தபோது கையில் வாங்கவில்லை, மேசையில் வைக்கச் சொன்னார்.

ஆட்டோக்காரர் நரைத்த தலை. குத்துக்கல்வலசை, பரமசிவம் வீடு என்றேன். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைப் பரமசிவமா என்று கேட்டார். அம்மா அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை, இருந்தாலும் தலையை ஆட்டினேன். வழி முழுக்கக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டைப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீ அவனுக்கு என்ன வேணும்?"

தங்கச்சி மகள் என்றேன். ஆட்டோ வேகம் குறைந்தது.

"அவன் தங்கச்சி செத்துப்போச்சே."

நான் வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது, யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாரம் குறைந்தது என்று நினைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார். "அது எம் மூத்த பய பால்வாடி போன காலம். கல்யாணம் கூட ஆவல அந்தப் பிள்ளைக்கு." தெருமுனையிலேயே என்னை இறக்கிவிட்டு, திருப்ப இடமில்லாத சந்தில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரம். கதவைத் திறந்த பெண் கையில் தீப்பெட்டி இருந்தது. மாமாவின் மனைவியாக இருக்க வேண்டும், அப்படியென்றால் எனக்கு அத்தை. வா என்று சொல்லவில்லை, யார் என்று கேட்கவில்லை. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழத்திட்டுத் தரையில வைய்யி."

கழற்றினேன். வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு காலை வைத்து எடுத்தேன். ஈரத் தடம் பதிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று அம்மாவும் சொல்லுவார்.

ஏன் அப்படிச் செய்தார் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. சுவரில் என் படம் மாட்டியிருந்தது. என் மூக்கு, என் நெற்றி, மேலுதட்டில் என் மச்சம். பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, பக்கத்தில் சிவப்பு பல்பு. மாலையில் வருஷக்கணக்கான தூசி, கண்ணாடியில் புகைக் கறை. எங்களிடம் அம்மாவின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா என்னைப் போல இருந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். மாலைக்குள் இருந்து நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய், சாப்பிட்டது எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன்.

அம்மாவைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்ததே அம்மா ஊரை விட்டுப் போன பிறகுதான். "காய்ச்சல்ல போயிட்டான்னுல்லா எங்கிட்டச் சொன்னாவ, தெருவுலயும் ஒருத்தரும் மாத்திச் சொல்லல. வந்த நாள்லேருந்து தெனமும் வெளக்குப் போடுதேன். புரட்டாசிக்குப் புரட்டாசி இலை போடுதேன். உசுரோட இருந்தவளுக்கா போட்டேன்?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. படத்திடம் கேட்டார்.

மாமா வந்தபோது எலுமிச்சை வாசம் முன்னால் வந்தது. புளியங்குடிச் சந்தையிலிருந்து வருகிறார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். வெளியே போய்க் குழாயடியில் நெடுநேரம் காலைக் கழுவினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். அம்மா இறந்துவிட்டார், எரித்தாகிவிட்டது, பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை, அதை வாங்கிக்கொண்டு போக வந்தேன்.

அவர் அத்தையைப் பார்த்துப் பேசினார்.

"அவகிட்டச் சொல்லு. எந் தங்கச்சிக்குக் கோடி போட்டாச்சு. சித்தாத்தங்கரையில வைக்கோல்ல ஆள் செஞ்சி, எங் கையால போத்தித்தான் எரிச்சேன். தெருவே நின்னு பாத்துச்சி. ஒருத்திக்கு ரெண்டு மட்டம் போடக் கூடாது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அந்த வைக்கோல் எரிந்த நாளில் அம்மா ஈப்போவில் என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மீ கோரேங் நூடுல்ஸ் கேட்டு அப்பாவை விரட்டிக்கொண்டிருந்திருப்பார்.

"நீங்க எரிச்சப்ப நான் அவங்க வயித்துல இருந்தேன் மாமா. அப்ப நான் யாரு?"

அவர் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டார். படுக்கப் போகும்போது அத்தை அந்தச் சிவப்பு பல்பைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

காலையில் மாமா சொன்னது இதுதான், அதுவும் அத்தையிடம்: குற்றாலத்தில் சீசன், தூரத்திலிருந்து வந்தவளைக் குளிக்க வைத்து, பஸ் ஏற்றி விட்டுவிடலாம். கோடி பற்றிப் பேச்சே இல்லை. எலுமிச்சை மூட்டை ஏற்றும் அவருடைய சின்ன லோடு வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். நான் என் பையையும் எடுத்து வந்திருந்தேன். வெறுங்கையோடு திரும்பிப் போய் மணியம் அங்கிளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

குற்றாலத்தில் கடைக்குக் கடை ரம்புத்தான், மங்குஸ்தான், ஒரு கடையில் டுரியான்கூடத் தொங்கியது. எனக்கு ஒரு நிமிடம் எந்த ஊரில் நிற்கிறேன் என்று குழம்பிவிட்டது. மலையும் ஈப்போ மலை மாதிரியே பக்கத்தில் வந்து நின்றது. ரம்புத்தான் விற்ற பெண்ணிடம் இது எங்கள் ஊர்ப் பழம் என்றேன். "ஒங்க ஊராவது? மேல மலைத் தோட்டத்துல காய்ச்சது, மரத்தக் காட்டட்டா?" என்று சண்டைக்கு வந்தாள். அத்தை வாங்கிக் கொடுத்தார். அதே ருசி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தடியில் நின்று அம்மா ஒன்றும் பேசாமல் உரித்து உரித்துத் தின்பது எதற்காக என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

மெயின் அருவியில் பெண்களுக்குத் தனி இடம். மாமா செருப்பு, பை எல்லாவற்றுக்கும் காவலாகப் படியில் உட்கார்ந்துகொண்டார். குளிக்கவில்லையா என்று அத்தை கேட்டதற்கு, தினமும் பார்க்கிற அருவிதானே என்றார். அத்தை உள்ளே போகும்போது என் காதில் சொன்னார். கூடப் பிறந்தவள் சாவு காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும், முழுகிவிட்டால் அவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம், அதனால்தான் உட்கார்ந்தே இருக்கிறார் என்று.

அருவிக்குக் கீழே நின்றால் தலையில் பத்துப் பேர் குத்துவது போல் இருந்தது. எண்ணெய் வாசம், சத்தம். சுற்றி நின்ற பெண்கள் எல்லோருக்கும் முடி முகத்தில் வழிந்து மூடியிருந்தது. யாருக்கும் முகம் இல்லை. ஒவ்வொருத்தியும் அம்மா உயரம். ஒருத்தி என் கையைப் பிடித்து, தண்ணீர் நன்றாக விழும் இடத்துக்கு இழுத்து நிறுத்தினாள். அத்தை என்று நினைத்தேன். முடியை ஒதுக்கிப் பார்த்தபோது அத்தை தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்தவள் யார் என்று கூட்டத்தில் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

திடீரென்று விசில். தண்ணீர் நிறம் மாறிவிட்டது. மேலே மழை, வரத்து கூடுகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று போலீஸ்காரர்கள் விரட்டினார்கள். ஆண்களும் பெண்களும் சொட்டச் சொட்டப் படியேறி ஓடினோம். நாங்கள் மாமா இருந்த இடத்துக்கு வந்தபோது அங்கே செருப்பும் பையும் மட்டும் இருந்தன.

அவர் கீழே போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் மேலே வர, அவர் மட்டும் சட்டை, வேட்டி, கைக்கடிகாரத்தோடு கூட்டத்தைப் பிளந்து இறங்கினார். இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே லத்தியை நீட்டி, சொன்னால் கேட்க மாட்டியா என்று அதட்டினார். மாமா ஏதோ சொன்னார். அருவிச் சத்தத்தில் போலீஸ்காரருக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று காதைக் காட்டினார். அதனால் மாமா கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. படியில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம்.

"எந் தங்கச்சி உலகம்மா செத்துப்போயிட்டா சார். நேத்துத்தான் தெரியும். தலைய நனைச்சிட்டு வந்துருதேன்."

போலீஸ்காரர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். லத்தியை எடுத்தார். "ஓரமா நின்னு நனைச்சிட்டு வாங்க அண்ணாச்சி, உள்ள போவாதிய" என்று சொல்லி, தானும் கூடவே இறங்கி, மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். மாமா ஓரத்தில் விழுந்த தண்ணீரில் தலையைக் கொடுத்தார். சிவந்த தண்ணீர் அவர் சட்டையில் வழிந்தது. போதும், போதும் என்று போலீஸ்காரர் இழுக்க வேண்டியிருந்தது.

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார். பார்த்தே இராத நாத்தனாருக்காக.

திரும்பும்போது வண்டி பஸ் நிலையத்துப் பக்கம் போகவில்லை. தென்காசிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடை முன்னால் நின்றது. மாமா இறங்கி வெளியிலேயே நின்றார். சாவுக்குத் தலை முழுகிய ஈரத்தோடு கடைக்குள் ஏறக் கூடாது என்றார். அத்தை உள்ளே போகத் திரும்பினார். அப்போது மாமா என்னிடம் பேசினார். நான் வந்ததிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இப்பம்லாம் அவளுக்கு என்ன கலரு பிடிக்கும்?"

"மெரூன்" என்றேன். கறை பட்டால் தெரியாது என்று சொல்வார் என்றேன்.

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். "எனக்குத் தெரிஞ்சி மஞ்ச மட்டுந்தான் கட்டுவா" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "மெரூனே எடு" என்றார்.